'கரண்ட் இல்லை': இல்லவூர்தி மின்னிணைப்பில் பழுது காணும் முறையும் அதன் மொழியும்



மொழியியல் பயின்றவர்களுக்கு மின்பழுதில் என்ன வேலை என்னும் ஐயம் இத்தலைப்பைக் கண்டதும் எழக்கூடும். பழுது காண்பதில் முதற்பணி வினாவை ஒழுங்காக அமைப்பது. கருவியைக் கையில் எடுப்பது அதற்குப் பின்னரே. வினாவும் விடையும் வழுவின்றி அமைய வேண்டும் என்பதைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்திலேயே பேசுகிறார். நன்னூலார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். இவ்வகைகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வதோடு நாம் நின்றுவிடுகிறோம். உயிரைக் காக்க வேண்டிய இடத்திலும் அவ்விலக்கணம் உதவும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவதே இப்பொழிவின் நோக்கம்.

களம்

நாம் எடுத்துக்கொண்ட களம் கேமரன் மலையின் கியா பார்ம். சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாகப் பிரிஞ்சாங் செல்லும் சாலையில், 1,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த சிற்றூர் அது. காய்கறிச் சந்தைக்குப் பெயர் பெற்றது. 1929இல் தொடங்கப்பட்ட போ தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டத்திற்குச் செல்லும் பாதை அருகிலேயே பிரிகிறது. விடுமுறை நாள்களில் இம்மலைச் சாலையில் ஏறிவரும் வண்டிகளுள் மோட்டார்ஹோம் என வழங்கும் இல்லவூர்திகளும் உண்டு. படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய இவ்வூர்தி, நிற்கும் இடத்தில் ஒரு நீண்ட கம்பிவடத்தின் வாயிலாக வெளி மின்சாரத்தைப் பெற்றுக்கொள்கிறது. முறையான முகாமிடமாயின் அதற்கென மின்பெட்டி இருக்கும். இல்லையேல் ஒரு கடையின் அல்லது விடுதியின் சுவர்ச் செருகுவாயிலிருந்து வடம் இழுக்கப்படுகிறது. மழையும் மூடுபனியும் ஈரமண்ணும் மிகுந்த மலையில் இது கவனமாகச் செய்ய வேண்டிய பணி.

இணைத்த சிறிது நேரத்தில் ஊர்தியினுள்ளிருந்து ஒரு குரல் எழுகிறது: "கரண்ட் இல்லை." இந்த இரு சொற்களே நம் ஆய்வுப்பொருள்.

ஒரு சொல், நான்கு பொருள்

'கரண்ட்' என்னும் சொல்லை நம் மக்கள் எவ்வெவ்விடங்களில் ஆள்கின்றனர் என்று நோக்குவோம். 'கரண்ட் இல்லை' என்றால் மின்வழங்கல் நின்றது என்று பொருள். 'கரண்ட் குறைவாக வருகிறது' என்றால் மின்னழுத்தம் தாழ்ந்தது என்று பொருள். 'கரண்ட் அடிக்கிறது' என்றால் மின்கசிவு உடலைத் தாக்கியது என்று பொருள். 'கரண்டுக்குப் பணம் கட்டினேன்' என்றால் செலவழித்த மின்னாற்றலுக்கு விலை கொடுத்தேன் என்று பொருள். இயற்பியல் அச்சொல்லுக்குத் தரும் பொருளாகிய மின்னோட்டம் இந்நான்கனுள் எதிலும் நேராக இல்லை. அன்றாடப் பேச்சில் இதனால் இடரில்லை. இடமும் துணைச்சொல்லும் பொருளை உணர்த்திவிடும். பழுது காணும்போதோ இந்நான்கும் நான்கு வெவ்வேறு நோய்கள். அவற்றிற்கு மருந்தும் வெவ்வேறு.

இவற்றைப் பிரித்துணரக் கேமரன் மலையே நல்ல பாடநூலாகும். 1963இல் நிறைவுற்ற சுல்தான் அபு பக்கார் அணை ரிங்லெட் ஏரியைத் தேக்கி நிற்கிறது. அவ்வேரியின் நீர் மலையைக் குடைந்த சுரங்கவழியே கீழிறங்கி, ஜோர் மின்நிலையத்தின் சுழலிகளை இயக்குகிறது. நீர் விழும் உயரம் மின்னழுத்தத்திற்கு ஒப்பு. அதன் அலகு வோல்ட். நொடிதோறும் பாயும் நீரின் அளவு மின்னோட்டத்திற்கு ஒப்பு. அதன் அலகு ஆம்பியர். உயரமும் அளவும் சேர்ந்தே சுழலியைச் சுழற்றும் வலிமையைத் தருகின்றன. அதுபோல வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கக் கிடைப்பது வாட் என்னும் அலகால் குறிக்கப்படும் திறன். நீர் எவ்வளவு உயரத்தில் நின்றாலும் வழி அடைபட்டால் ஓட்டம் இல்லை. அவ்வாறே அழுத்தம் இருந்தும் ஓட்டம் இல்லாத நிலை உண்டு. பழுதுகள் பல அந்நிலையிலேயே உள்ளன.

இணைப்பின் ஐந்து கணுக்கள்

மின்சாரம் ஊர்தியை அடையும் வழியைக் கரும்பின் கணுக்களைப் போல ஐந்தாகப் பகுக்கலாம். முதற்கணு, முகாமிடத்து மின்பெட்டி அல்லது சுவர்ச் செருகுவாய். இரண்டாவது, கம்பிவடமும் அதன் இருமுனைச் செருகிகளும். மூன்றாவது, ஊர்தியின் புறத்தே மூடியுடன் அமைந்த மின்வாய். இது பெரும்பாலும் 16 ஆம்பியர் அளவுள்ள நீலநிற வட்டச் செருகிக்கு உரியது. நான்காவது, ஊர்தியினுள் உள்ள காப்புப்பெட்டி. ஐந்தாவது, அதன்பின் பிரியும் இரு கிளைகள்.

இவ்விரு கிளைகளை உணராமையே குழப்பங்களுள் பெரும்பகுதிக்குக் காரணம். ஒரு கிளை 230 வோல்ட் மின்சாரத்தைச் செருகுவாய்களுக்குக் கொண்டு செல்கிறது. மற்றொன்று மின்னேற்றியின் வழியே 12 வோல்ட் பேட்டரிக்குச் செல்கிறது. கூரைவிளக்கும் நீரேற்றும் பம்பும் பொதுவாக அப்பேட்டரியிலிருந்தே இயங்குகின்றன. ஆகவே, 'விளக்கு எரிகிறது. எனவே வெளி இணைப்பு நன்றாக உள்ளது' என்னும் முடிவு பிழையாகலாம். வெளி இணைப்பு முதல் நாளே அறுபட்டிருக்க, பேட்டரி இரண்டு நாள் விளக்கெரித்துவிட்டு மூன்றாம் நாள் ஓய்ந்துபோகும். அப்போது 'விளக்கு கெட்டுவிட்டது' என்று விளக்கைக் கழற்றுவோர் உண்டு. இதைத் தெளிய எளிய வழி ஒன்றுளது. முழுதும் ஏற்றப்பெற்ற ஈயப் பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும். மின்னேற்றி வேலை செய்கையில் 13.5 வோல்ட்டுக்கு மேல் காட்டும். மேல் அளவு தெரிந்தால் முதல் நான்கு கணுக்களிலும் மின்சாரம் தடையின்றி வருகிறது என்று கொள்ளலாம்.

அறியாவினாவும் ஐயவினாவும்

'கரண்ட் ஏன் வரவில்லை?' என்பது நன்னூலார் கூறும் அறியாவினா. அதற்கு விடை நூறு இருக்கலாம். அவ்வினாவைக் கேட்பவர் கண்ணிற்பட்ட திருகாணியையெல்லாம் கழற்றத் தொடங்குவார். தொலைவில் தெரிவது கட்டையா, மனிதனா என்பது போல இரண்டனுள் ஒன்றைத் துணியக் கேட்பது ஐயவினா. பழுது காண்போர்க்கு உரியது இதுவே. 'பழுது ஊர்திக்கு வெளியிலா, உள்ளேயா?' என்னும் ஒரு வினா, தேட வேண்டிய இடத்தில் பாதியை ஒதுக்கிவிடுகிறது.

இனி வினாக்களை முறைப்படுத்துவோம். பக்கத்துக் கடையில் மின்சாரம் உண்டா, இல்லையா? அங்கும் இல்லையெனில் பழுது நம்முடையதன்று. தெனாகா நேஷனல் நிறுவனத்தின் 15454 என்னும் எண்ணுக்கு அறிவிப்பதே செயல். உண்டெனில், அதே செருகுவாயில் வேறொரு விளக்கைச் செருகினால் எரிகிறதா, இல்லையா? எரியாவிடில் பழுது முதற்கணுவில். அப்பெட்டியின் துண்டிப்பி விழுந்துள்ளதா என்பதை அவ்விடத்திற்கு உரியவர் பார்க்க வேண்டும். எரிந்தால், வேறொரு வடத்தால் இணைக்கும்போது ஊர்தி உயிர்பெறுகிறதா, இல்லையா? பெற்றால் பழுது வடத்தில். சுவர்ச் செருகியினுள் உள்ள 13 ஆம்பியர் உருகி, அதாவது பியூஸ், எரிந்திருப்பது இங்கே அடிக்கடி காணப்படும் காரணம். வேறு வடத்திற்கும் உயிர்பெறாவிடில் மின்வாயையும் காப்புப்பெட்டியையும் நோக்க வேண்டும். ஒவ்வொரு வினாவும் எஞ்சிய வழியைச் சுருக்குகிறது. ஒரு வினாவுக்கு விடை காணுமுன் அடுத்ததற்குத் தாவலாகாது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றலும் ஆகாது. வடத்தையும் செருகுவாயையும் ஒருங்கே மாற்றியபின் விளக்கு எரிந்தால், எது கெட்டிருந்தது என்பதை நாம் அறியவே போவதில்லை.

இரு துண்டிப்பிகள், இரு செய்திகள்

காப்புப்பெட்டியில் இருவகைத் துண்டிப்பிகள் உள்ளன. இரண்டையும் 'டிரிப் ஆகிவிட்டது' என்ற ஒரே தொடரால் குறிப்பது நம் வழக்கம். ஆயினும் அவை சொல்லும் செய்திகள் வேறு.

எம்.சி.பி. எனப்படும் சுற்றுடைப்பி மின்னோட்டத்தின் மிகுதியைக் கண்டு விழுகிறது. போட்ட கணமே விழுந்தால் கம்பியோடு கம்பி முட்டிய குறுக்குச்சுற்று இருக்கலாம். சில நிமிடங்கள் கழித்து விழுந்தால் சுமை மிகுதி. இதற்குக் கணக்கு எளிது. 230 வோல்ட்டை 13 ஆம்பியரால் பெருக்கினால் 2,990 வாட். குளிர்மலை இரவில் 1,500 வாட் சூடேற்றியை இயக்கிக்கொண்டே 2,000 வாட் கெண்டியில் நீர் கொதிக்க வைத்தால் 3,500 வாட். அதாவது 15 ஆம்பியருக்கு மேல். 13 ஆம்பியர் உருகி இச்சிறு மிகுதிக்கு உடனே எரிவதில்லை என்பதை மாணவர் நினைவிற் கொள்ள வேண்டும். அது நெடுநேரம் தாங்கும். அதற்குள் செருகி சூடேறிக் கருகத் தொடங்கும். தொட்டால் சுடும் செருகியும் பழுப்பேறிய செருகுவாயும் உருகி சொல்லாத செய்தியைச் சொல்கின்றன.

இ.எல்.சி.பி. என நம் நாட்டில் வழங்கும் கசிவுத் துண்டிப்பி வேறு வகை. சென்ற மின்னோட்டமும் மீண்ட மின்னோட்டமும் ஒத்திருக்கின்றனவா என்று அது ஒப்புநோக்குகிறது. ஆளைக் காக்கும் வகையில் அமைந்தவற்றில், வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன் அல்லது எட்டியதும் அது நொடியின் சிறு பகுதிக்குள் துண்டிக்கிறது. எனவே அது விழுந்தால், 'மின்சாரம் வேறெங்கோ வழிகிறது' என்பதே செய்தி. கருவிகள் அனைத்தின் செருகியையும் கழற்றிவிட்டுத் துண்டிப்பியை உயர்த்த வேண்டும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. நடுநிலைக்கம்பி வழியாகவும் கசிவு நிகழலாம். நின்றால், ஒவ்வொரு கருவியாகச் செருகிப் பார்க்க வேண்டும்; எதைச் செருகும்போது விழுகிறதோ அதில் பழுது. அனைத்தையும் கழற்றியும் நில்லாவிடில் பழுது நிலைக்கம்பியமைப்பில். அங்கே நம் பணி முடிந்தது, மின்பணியாளர் பணி தொடங்குகிறது. மழைக்குப்பின் விழுந்தால் மின்வாயிலும் செருகிகளிலும் ஈரம் புகுந்துள்ளதா என்று, வழங்கலைத் துண்டித்தபின் நோக்குக. துண்டிப்பி விழாதபடி அதைக் கட்டிவைப்பதும் ஒதுக்கி இணைப்பதும், தவறு கண்டு கூறுவோனின் வாயைப் பொத்துவதை ஒக்கும்.

நெடுவடம் தரும் இழப்பு

சில வேளை மின்சாரம் இருக்கும். கருவிகள் மட்டும் இயங்க மறுக்கும். சந்தைக்கடையிலிருந்து தொலைவில் நிறுத்திய ஊர்திக்கு 50 மீட்டர் வடம் இழுத்ததாகக் கொள்வோம். கம்பி 1.5 சதுர மில்லிமீட்டர். ஓட்டம் 13 ஆம்பியர். அவ்வகைக் கம்பியில் மீட்டருக்கு ஓர் ஆம்பியருக்கு ஏறத்தாழ 29 மில்லிவோல்ட் குறையும். ஆக மொத்த இழப்பு சுமார் 19 வோல்ட். நம் நாட்டில் பெயரளவு மின்னழுத்தமாகிய 230 வோல்ட் 6 விழுக்காடு வரை தாழலாம். அதாவது 216 வோல்ட். அதிலும் 19 போக எஞ்சுவது 197. குளிரூட்டியின் அமுக்கி இந்நிலையில் தொடங்க இயலாமல் முனகும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் இழப்பு சுமார் 12 வோல்ட்டாகக் குறையும். இழந்த ஆற்றல் கம்பியில் வெப்பமாகிறது என்பதையும் மறக்கலாகாது. வடத்தைச் சுருளில் சுற்றியவாறே பயன்படுத்தினால் அவ்வெப்பம் வெளியேற வழியின்றிக் காப்புறை உருகும். சுருளை முழுதும் விரித்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

ஒரு நிறம், இரு பொருள்

சொற்களைப் போலவே நிறங்களும் குறியீடுகள்; அவற்றிலும் பல்பொருள் உண்டு. வளையும் வடங்களில் பழுப்பு மின்னேறிய உயிர்க்கம்பி, நீலம் நடுநிலைக்கம்பி, பச்சை-மஞ்சள் புவிக்கம்பி. கட்டடங்களின் நிலைக்கம்பியமைப்பிலோ மும்முனை மின்சாரத்திற்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் உயிர்க்கம்பிகள், கறுப்பே நடுநிலை. ஆகவே வடத்தில் தீங்கற்றதாகக் கொள்ளும் நீலம், சுவரினுள் உயிரைக் கொல்வதாக இருக்கலாம். நிறத்தை நம்பிக் கம்பியைத் தொட்டவர் ஒரு குறியீட்டைத் தவறான அகராதியில் தேடியவர் ஆவார்.

இணைப்பி ஒன்றினுள் உயிர்க்கம்பியும் நடுநிலைக்கம்பியும் இடம் மாறிவிட்டாலும் கருவி இயங்கும். ஆனால் ஒற்றைமுனைச் சுவிட்சு அப்போது நடுநிலையைத் துண்டிக்கும், கருவி அணைந்துவிடும், அதனுள் மின்னழுத்தமோ அப்படியே நிற்கும். 'அணைந்தது' வேறு, 'துண்டிக்கப்பட்டது' வேறு என்பதை மொழியாசிரியர் சொல்லித்தர இதைவிட நல்ல இடம் இல்லை.

வாய்பேசாப் பழுது

இதுவரை கூறிய பழுதுகள் அனைத்தும் தம்மைத் தாமே அறிவிப்பவை. விளக்கு அணையும், துண்டிப்பி விழும், செருகி சுடும். அறிவிக்காத பழுது ஒன்றுண்டு. 'எர்த்' என வழங்கும் புவிக்கம்பி அறுபட்டிருந்தாலும் விளக்கு எரியும், நீர் கொதிக்கும், பேட்டரி ஏறும். 'கரண்ட் இல்லை' என்று எவரும் கூறார். எனவே எவரும் தேடார்.

ஊர்தி ரப்பர்ச் சக்கரங்களின்மேல் நிற்கிறது. அதன் உலோக உடல் மண்ணோடு தொடர்பற்றது. உள்ளே ஒரு கருவியில் கசிவு ஏற்பட்டால், புவிக்கம்பி நன்றாக இருக்கும்வரை கசிவு அதன் வழியே செல்லும், துண்டிப்பி விழும். புவிக்கம்பி அறுந்திருந்தால் கசிவுக்கு வழியில்லை. துண்டிப்பி விழக் காரணமும் இல்லை. உடல் முழுதும் மின்னழுத்தம் ஏறிக் காத்திருக்கும். ஈரமண்ணில் வெறுங்காலோடு நிற்கும் குழந்தை கதவுப்பிடியைத் தொடும்போது அவ்வழி திறக்கிறது. அக்கணத்தில் அக்குழந்தையே புவிக்கம்பி. கசிவுத் துண்டிப்பி நல்ல நிலையில் இருந்தால் உயிர் தப்பலாம். பழுதுற்றிருந்தாலோ அமைக்கப்படாதிருந்தாலோ தப்ப வழியில்லை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். கசிவுத் துண்டிப்பியின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது விழுகிறது. அதனால் 'எர்த் சரியாக உள்ளது' என்று முடிவு செய்கின்றனர். அப்பொத்தான் துண்டிப்பியின் இயக்கத்தை மட்டுமே சோதிக்கிறது. புவிக்கம்பியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. செருகிப் பார்க்கும் மூவிளக்குச் சோதனைக்கருவி புவிக்கம்பி அறுந்திருந்தால் காட்டும். இற்றுப்போய் அரைகுறையாகத் தொட்டிருந்தால் காட்டாது. உறுதியான விடை, தகுதி பெற்றவர் அளவுக்கருவியால் அளந்து கூறுவதே.

ஊர்தியின் உடலைத் தொடும்போது மெல்லிய சுருக்கென்ற உணர்வு தோன்றினால் அதுவே அப்பழுதின் ஒரே சொல். 'குளிரில் அப்படித்தான் இருக்கும்' என்று தள்ளிவிடலாகாது. மீண்டும் தொட்டுப் பார்க்கவும் ஆகாது. அனைவரையும் விலக்கி, வழங்கும் இடத்திலேயே மின்சாரத்தைத் துண்டித்து, தகுதி பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

வழக்கமான இணைப்பிலும் ஓர் ஒழுங்கு உண்டு. வடத்தை முதலில் ஊர்தியில் இணைத்து, பிறகே மின்வழங்கலில் செருக வேண்டும். கழற்றும்போது மின்வழங்கலில் முதலில் கழற்ற வேண்டும். இவ்வொழுங்கினால் மின்னேறிய முனை ஈரத்தரையில் கிடக்காது. இடிமின்னல் வேளையில் இணைப்பைக் கையாளாமல் ஊர்தியினுள் இருப்பதே நன்று. மழை வருமுன் கழற்றிவைப்பது அதனினும் நன்று.

ஆசிரியர் கடமை

அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்கும் பணி நெடுங்காலமாக நடக்கிறது. 1916இலேயே சேலத்தில் இராசாசி முதலியோர் அதற்கெனச் சங்கம் கண்டனர். சொற்கள் பிறந்தன, பெரும்பாலானவை நூலிலேயே தங்கின. நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளிலும் 2003 முதல் சில ஆண்டுகள் அறிவியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. அக்காலத்து மாணவருள் பலருக்கு மின்னழுத்தம் என்னும் சொல் வகுப்பறையில் அறிமுகமாகவில்லை.

நாம் இங்கே தூய்மைவாதம் பேசவில்லை. 'புவிக்கம்பி' என்றாலும் 'எர்த்' என்றாலும் உயிர் காக்கப்படும். வேண்டுவது ஒன்றே: ஒரு பொருளுக்கு ஒரு சொல், அச்சொல் வேறு பொருளோடு கலவாமை. 'கரண்ட் அடிக்கிறது' என்று குழந்தை சொல்லும்போது, 'எங்கே தொட்டாய், எதன்மேல் நின்றாய்' என்று கேட்கத் தெரிந்த பெரியவர் அருகில் இருக்க வேண்டும்.

ஆகவே, வினா வகைகளைக் கற்பிக்கும் பாடவேளையில் ஆசிரியர்கள் 'கரண்ட் இல்லை' என்னும் தொடரைக் கரும்பலகையில் எழுதுக. அதை ஐந்து ஐயவினாக்களாகப் பிரிக்குமாறு மாணவரைப் பணிக்க. பின்னர், 'எல்லாம் இயங்குகிறது. ஆனாலும் பழுது இருக்குமா?' என்னும் ஆறாவது வினாவை எழுப்புக. முதல் ஐந்தும் நின்ற விளக்கை மீண்டும் எரியச் செய்யும். ஆறாவதைக் கேட்கக் கற்ற மாணவர், ஈரமண்ணில் கதவுப்பிடியை நோக்கி நீளும் ஒரு கையைத் தடுத்து நிறுத்துவார்.